எமில் டுடேக் முறுக்காமல் விட்ட பிரேக்

மார்செல்லா ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறித்தான் அப்பாவைப் பார்க்க வருவாள். உலகத்துக்கே கார் செய்து அனுப்பிய டெட்ராய்டில், நாற்பது வயதாகியும் ஸ்டியரிங்கைத் தொடாத பெண் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். பனிக்காலத்தில் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்று, மூக்கு நுனி சிவந்து, கையில் ஆறிப்போன முட்டைக்கோஸ் சுருட்டல் டப்பாவோடு எங்கள் தெருவுக்குள் நுழைவாள்.

"நான் வந்து கூட்டிட்டு வரேன்னா கேக்கவே மாட்டேங்கிறியேம்மா" என்பார் எமில்.

"உங்க வேகத்துக்கு பஸ்ஸே தேவலைப்பா. பின்னாடி வர்றவனெல்லாம் ஹாரன் அடிச்சே செத்துருவான்" என்று சிரிப்பாள்.

நீயே ஒரு வண்டி வாங்கி ஓட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வார்? அவள் தாய் ஹலீனா 1966 ஜூலையில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துச் செத்தாள் என்பது ஊர் அறிந்த கதை. அந்தக் கால் தனக்கும் வந்திருக்கிறது என்று மார்செல்லா மனதார நம்பினாள். அந்தக் கதை பொய். பொய் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் எமில். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மகளின் பயம் போய்விடும். ஆனால் மகளும் போய்விடுவாள். இந்தப் பயத்தில் அந்த மனுஷர் முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

அந்தக் காலத்து எமிலைப் பார்த்திருக்க வேண்டும்! இருபத்தேழு வயது. வாரம் முழுக்கக் கார் பாகங்களுக்கு அச்சு செய்யும் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் கருநீலப் போண்டியாக் காரின் அடியில் மல்லாந்து கிடப்பார், கால் இரண்டு மட்டும் வெளியே தெரியும். கல்யாணத்துக்குக்கூட நகக்கண்ணில் கிரீஸோடுதான் போய் நின்றார், பாதிரியாரே முகம் சுளித்தார். வெள்ளி சனி மாலைகளில் அவரும் கூட்டாளி நார்பர்ட்டும் அந்த வண்டியை உட்வார்ட் அவென்யூவுக்கு ஓட்டிப் போவார்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு வண்டி போகும் அகலம், மைலுக்கு ஒரு சிக்னல், வழியெல்லாம் வண்டியிலிருந்தபடியே சாப்பிடும் கடைகள். ஊரில் வண்டிப் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் அங்கேதான்.

அங்கே பந்தயம் பேசுவதற்கு வாய் வேண்டியதில்லை. சிக்னலில் பக்கத்தில் ஒருவன் வந்து நிற்பான். உங்களைப் பார்ப்பான், ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து உறுமவிடுவான். நீங்கள் தலையை ஒரு தடவை அசைத்தால் முடிந்தது. பச்சை விழுந்ததும் இரண்டு வண்டியும் பறக்கும், ரப்பர் புகையில் பின்னால் நிற்பவனுக்குச் சாலையே தெரியாது. அசைத்த தலையை மறுபடி இல்லை என்று ஆட்டியவன் அந்தச் சாலைப் பக்கம் தலைகாட்ட முடியாது. எமில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை, அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஹலீனாவுக்கு இந்தக் கூத்தெல்லாம் பழகிவிட்டது. பேக்கரி ஒன்றின் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள், நாக்கு மட்டும் ரம்பம்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இதைக் கட்டிட்ட நீ. நான் ரெண்டாம் தாரம்" என்பாள் வண்டியைக் காட்டி.

"மூத்தவளுக்கு அடங்கி நடந்துக்கோ" என்பார் எமில் வண்டிக்கு அடியிலிருந்து.

"அடங்கித்தானே இருக்கேன்? அவ பால் குடிக்கிற மாதிரி பெட்ரோல் குடிக்கிறா, உம் பொண்ணு பாலையே குடிக்க மாட்டேங்கிறா. ரெண்டையும் நீயே வெச்சு வளர்த்துக்கோ!"

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹலீனா நன்றாக வண்டி ஓட்டுவாள். கல்லாவுக்கு வருமுன் இரண்டு குளிர்காலம் பேக்கரியின் ரொட்டி வேனை ஓட்டியவள். கண்ணாடி மாதிரி உறைந்த சாலையில் விடியலில் போய் வருவாள், ஒரு விளக்குக் கம்பத்தில்கூட உரசியதில்லை. ஊர் இதைச் சௌகரியமாக மறந்துவிட்டது. எமில் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் திடல். கால் மைல் தூரம், நேரே ஒரு பாதை, கடைசியில் ஒரு கடிகாரம். அங்கே நூறில் ஒரு பங்கு நொடிக்காக இந்த ஆட்கள் செய்யாத வேலை இல்லை. பின்சீட்டைக் கழற்றுவார்கள், ஹீட்டரைக் கழற்றுவார்கள். பின்சக்கரத்தில் பாரம் ஏற்ற, குடும்ப வண்டியின் பெரிய பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து டிக்கியில் மாட்டுவார்கள். முன்சக்கர பிரேக்கைத் தளர்த்துவார்கள். பிரேக் கட்டை டிரம்மில் இம்மியும் உரசக்கூடாது, உரசினால் வண்டி அந்த அளவு மெதுவாகும் அல்லவா! சக்கரத்துக்குப் பின்னால் ஒரு துளை உண்டு. அதற்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் பல் சக்கரத்தை இருபது பல் பின்னுக்குத் தள்ளிவிட்டால் போதும். தானாக இறுகிக்கொள்ள வைத்திருந்த கொக்கியை எமில் வண்டி வாங்கிய மாதமே கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று.

அப்படித் தளர்த்திய வண்டியில் பிரேக்கை மிதித்தால் பெடல் நேரே தரைக்குப் போகும். விஷயம் தெரிந்தவன் மூன்று நான்கு தரம் விடாமல் மிதிப்பான், அப்புறம் கொஞ்சம் பிடிக்கும். தெரியாதவனுக்கு மிதிக்க நேரம் இருக்காது.

அதனால்தான் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தளர்த்தியவன் கையாலேயே முறுக்க வேண்டும், திடலின் வாசலைத் தாண்டுமுன் முறுக்க வேண்டும். அடுத்தவன் தொடக்கூடாது. இரண்டு பேர் கை வைத்தால் அவன் செய்திருப்பான், இவன் செய்திருப்பான் என்று ஆகிவிடும் என்பதுதான் காரணம். நல்ல சட்டம்தான்.

அந்த ஜூலை ஞாயிற்றுக்கிழமை எமில் தன் பிரிவில் முதலாவதாக வந்தார். பதின்மூன்று நொடிக்குக் கொஞ்சம் மேலே. முழங்கை உயரத்துக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். கார் கம்பெனி எஞ்சினியர் ஒருவர் வந்து கைகுலுக்கி, "எப்படிப்பா அந்த முதல் அறுபது அடியை எடுத்தே?" என்று கேட்டுவிட்டார். மனுஷர் தரையிலேயே இல்லை. ஆளாளுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். வண்டியை நார்பர்ட்டின் டிரக்குக்குப் பின்னால் கட்டியாயிற்று.

"முறுக்கிட்டியாடா?" என்றார் நார்பர்ட்.

"நாளைக்குச் சாயங்காலம் முறுக்கிக்கிறேன். வண்டியைக் கட்டித்தானே இழுத்துட்டுப் போறோம், யாரு ஓட்டப் போறா?"

"சட்டம்னா சட்டம்டா."

"ஏய், இன்னிக்கு ஒருநாள் என்னை விடுறா! ஜெயிச்சவன் தரையில படுத்து ஸ்க்ரூடிரைவர் திருப்பிட்டு இருப்பானா?"

நார்பர்ட் சிரித்துக்கொண்டே டிரக்கில் ஏறினார். அட பாவி மனுஷா, பத்து நிமிஷ வேலை. வெறும் பத்து நிமிஷம்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நார்பர்ட்டின் டிரக்கில் எமில் வேலைக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு ஹலீனா குடும்பத்துப் பழைய வேனைக் கிளப்பச் சாவியைத் திருகினாள். சத்தமே இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரி இருந்த இடம் காலி. "என் பேட்டரியையும் மூத்தவளுக்கே கொடுத்துட்டியா, வரட்டும் இன்னிக்கு உனக்கு இருக்கு" என்று திட்டியதைப் பக்கத்து வீட்டம்மா கேட்டிருக்கிறாள். இரண்டு வயது மார்செல்லாவை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய போண்டியாக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கல்லாவுக்கு நேரமாகிவிட்டது.

வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் சாலை இறங்கும். இறக்கத்தின் முடிவில் சிக்னல். அன்று சிவப்பு விழுந்து சிமெண்டு டிரக் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

தொழிற்சாலையில் ஃபோர்மன் வந்து தோளைத் தொட்டபோது எமிலுக்கு ஒன்றும் புரியவில்லை. நார்பர்ட்டோடு பாலத்தடிக்குப் போனபோது ஹலீனாவை எடுத்துப் போயிருந்தார்கள். பாதி வண்டி டிரக்குக்கு அடியில் இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் இறக்கத்தில் மேலும் கீழும் நடந்து தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் பிடிச்ச தடமே இல்லையே. ஒரு கோடுகூட இல்ல" என்றார்.

எமில் நார்பர்ட்டைப் பார்த்தார். நார்பர்ட் எமிலைப் பார்த்தார். நார்பர்ட்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இது சாதாரண வண்டி இல்லீங்க ஆபீசர், ரேஸ் வண்டி. பொம்பளைங்களுக்குக் கட்டுப்படாது. பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலரேட்டர்ல கால வெச்சிருப்பாங்க."

போலீஸ்காரர் எமிலிடம் திரும்பினார். "அப்படியா இருக்கும்கிறீங்க?"

எமில் தலையசைத்தார்.

ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தலையசைப்பு. போலீஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். உடைந்த வண்டியைப் பழைய இரும்பு யார்டுக்கு இழுத்துப் போன பிறகு எமில் தனியாக உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். ஹலீனாவின் வலது கால் செருப்பு பிரேக் பெடலோடு சேர்ந்து தரையில் நசுங்கிக் கிடந்தது. கடைசி வரைக்கும் அவள் சரியான பெடலைத்தான் மிதித்திருக்கிறாள். அவர் அந்தச் செருப்பை உருவிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வெளியே வந்தார். தலையசைத்ததைக்கூட ஒரு கணத்தின் பயம் என்று மன்னித்துவிடலாம். செருப்பை ஒளித்ததை எதில் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் பந்தயப் பக்கமே போகவில்லை. நார்பர்ட் அடுத்த வருஷம் புளோரிடா போய்விட்டார். எமில் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்குத் தலைவாரி, அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, முதல் நற்கருணைக்கு வெள்ளைக் கவுன் தைத்து வாங்கி, ஒற்றை ஆளாக வளர்த்தார். சனிக்கிழமைதோறும் எங்கள் தெருவில் யார் வண்டியானாலும் ஜாக் போட்டுத் தூக்கி பிரேக் பார்த்துக் கொடுப்பார், ஒரு காசு வாங்கமாட்டார். எங்களுக்கெல்லாம் அவர் பெரிய மகான். "பெண்டாட்டி போன துக்கத்துல மனுஷன் ஊருக்கே காவலா நிக்கிறாரு" என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். எமில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம்.

மார்செல்லாவுக்குப் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது நாள் நடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டாள். "எனக்கு வராதுப்பா, எனக்கு அம்மா கால்" என்று அழுதாள். சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. எமில் சொல்லவில்லை. "பரவால்லம்மா, பஸ் இருக்கு" என்றார்.

அதிலிருந்து எல்லாவற்றுக்கும் அம்மா கால்தான் காரணமாயிற்று. ஜெரோம் என்று ஒரு நல்ல பையன், இரண்டு வருஷம் பழகினான். பஸ் போகாத ஊரில் வீடு வாங்கினான், அவள் வர மறுத்தாள், அவன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். நூலகத்தில் பதவி உயர்வு வந்தது, கிளை இருபது மைல் தள்ளி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வந்து சொல்வாள். ஒவ்வொரு தடவையும் எமில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பார், பிறகு சூப் ஆறுது பாரு என்று முடிப்பார். அவள் போன பிறகு நெஞ்சில் குத்திக்கொண்டு அழுவார். அழுது என்ன பிரயோசனம்?

இரண்டாயிரத்து நான்கு ஆகஸ்டில், வருஷாவருஷம் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தின்போது, உட்வார்ட் ஓரத்தில் ஒரு கூடாரம் போட்டு, பழைய பந்தயக்காரர்களை மைக்கில் பேச வைத்தார்கள். எமிலையும் கூப்பிட்டார்கள். அவர் வரமாட்டேன் என்றார். மார்செல்லா விடவில்லை.

"ஜெயிச்சதைப் பத்தி ஒரு நாளாவது பேசுனீங்களா நீங்க? நான் கேக்கணும்ப்பா. எனக்காக வாங்க."

போனார்கள். மத்தியான வெயில், சாலை முழுக்கப் பளபளவென்று பழைய வண்டிகள், வறுத்த சாஸேஜ் வாசனை. கூடாரத்தில் மைக்குக்கு முன்னால் புளோரிடாவிலிருந்து வந்திருந்த நார்பர்ட் உட்கார்ந்திருந்தார். தொந்தி மடியில் சரிந்திருந்தது, பேச்சு மட்டும் மாறவில்லை. ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நாங்க என்னென்ன திருட்டுத்தனம் பண்ணுவோம் தெரியுமா?" என்று குஷியாக ஆரம்பித்தார். "பொண்டாட்டி வண்டியிலேர்ந்து பேட்டரியைத் திருடுவோம்! அவ காலையில வண்டியைக் கிளப்புனா ஊமை! முன் பிரேக்கை மொத்தமா அவுத்து விட்டுருவோம். மிதிச்சா பெடல் தரையைத் துளைச்சுக்கிட்டு நேரா சீனாவுக்குப் போகும்! ஆனா அதுக்கு ஒரு சட்டம் வெச்சிருந்தோம். அவுத்தவனே முறுக்கணும், அதுவும் வாசலைத் தாண்டுறதுக்கு…"

முன்வரிசையில் எமிலும் மார்செல்லாவும் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். வாய் அப்படியே நின்றது. கூட்டம் மிச்சத்துக்காகக் காத்திருந்தது. நார்பர்ட் தண்ணீர் குடித்தார். "…அதெல்லாம் எதுக்கு இப்போ, பழைய கதை" என்று எழுந்துவிட்டார்.

எமிலைப் பேசக் கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு அவர் வெளியே வந்தார். வண்டியில் ஏறி இரண்டு சிக்னல் தாண்டும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை முறுக்குனீங்களாப்பா?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்துவிட்டது, முறுக்கினேன் என்று. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"இல்லம்மா."

"அம்மாவோட வண்டி அன்னிக்குக் கிளம்பலைன்னு பக்கத்து வீட்டம்மா சொல்லுவாங்களே, அந்தப் பேட்டரி?"

"நான்தான் எடுத்தேன்."

"அப்ப அம்மா…"

"பிரேக்கைத்தான் மிதிச்சா. எனக்குத் தெரியும். செருப்பு பெடல் மேல இருந்துச்சு. நான் எடுத்து ஒளிச்சுட்டேன். உங்கம்மா நல்லா ஓட்டுவா மார்செல்லா. என்னைவிட நல்லா ஓட்டுவா. அவ கால்ல ஒரு குத்தமும் இல்ல, உன் கால்லயும் இல்ல." உடைந்து அழுதார். "நீ போயிருவேன்னு பயந்துட்டேன்மா. எனக்கு வேற யாரு இருக்கா சொல்லு?"

அவள் அழவில்லை. வெகுநேரம் தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பதினாறு வயசுப்பா" என்றாள். "உங்க மடியில படுத்துட்டு அழுதேன். அப்பவும் நீங்க சொல்லலையே."

கதவைத் திறந்து இறங்கினாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவர் வண்டியை நகர்த்தினார், அவள் ஊர்வலக் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எமில் இரண்டு தட்டு எடுத்து வைப்பார், சாயங்காலம் இரண்டையும் எடுத்து உள்ளே வைப்பார். போன் செய்தால் எடுக்கமாட்டாள். அவளோடு நூலகத்தில் வேலை செய்யும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி நவம்பரில் வந்து சொன்னாள். மார்செல்லா லைசென்ஸ் வாங்கிவிட்டாளாம், முதல் தடவையிலேயே பாஸாம். "அவ்வளவு அழகா ஓட்டுறா அங்கிள்! கூட வந்த ஆபீசரே எத்தனை வருஷமா ஓட்டுறீங்கன்னு கேட்டாராம்." பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டாளாம். எமில் அந்தப் பெண்ணைக் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்லி, அதையே மறுபடி மறுபடி சொல்ல வைத்துக் கேட்டார்.

இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம் வந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது இருபது நிமிஷம் போதும். குளிர்காலம் முழுக்க அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். தெருவில் ஏதாவது புது வண்டி திரும்பினால் எழுந்து நிற்பார்.

மார்ச்சில் ஒரு காலை போன் வந்தது.

"அப்பா, ஒன்னு கேக்கணும். உங்களைத் தவிர வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல." குரல் அந்நியரிடம் பேசுவது மாதிரி இருந்தது. "பிரேக் மிதிச்சா பெடல் முன்னைவிடக் கொஞ்சம் கீழ போகுது. அது சாதாரணமா, இல்ல ஏதாவது கோளாறா?"

"வண்டியை எடுக்காத! எடுக்கவே எடுக்காத! எங்க இருக்க? வீட்டுலயா? அங்கேயே இரு. ஜாக்கு, சாமானெல்லாம் எடுத்துட்டு இதோ வரேன். நானே பாத்துக் கொடுத்துடறேன்ம்மா, பத்து நிமிஷ வேலை…"

போன் கட்டாகிவிட்டதோ என்று அவர் இரண்டு தடவை அவள் பெயரைச் சொன்னார்.

"வேண்டாம்ப்பா" என்றாள் மார்செல்லா. "நீங்க தொட வேண்டாம். கராஜ்ல காட்டிக்கிறேன்."